ஜிப்ஸி எக்சாஸ்ட் லீக்: மூன்று பேக்கிங் மாற்றியும் 'டிக் டிக்' போகவில்லை

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 1998 மாடல் ஜிப்ஸி கிங். 1,298 சி.சி., கார்புரேட்டர், சாஃப்ட் டாப். ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து ஆறு வருடம் முன்பு வாங்கினேன். வாரநாளில் தண்டையார்பேட்டையிலிருந்து மின்ட் வரை கடைக்குப் போய் வரும். ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. அவ்வளவுதான் அதற்கு வேலை.

காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக் டிக்'. ஐந்து நிமிடத்தில் பாதி குறையும், பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட இல்லை. மேம்பாலம் ஏறும்போது மறுபடி கேட்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் 'பட் பட்' என்று வெடிக்கிறது.

இதுவரை மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் இரும்புக் குழாய்) பேக்கிங், அதாவது ஜாயின்ட் இடுக்கை அடைக்கும் ஷீட், மூன்று முறை மாற்றியாகிவிட்டது. முன் பைப்புக்கு இரண்டு முறை வெல்டிங். சைலன்சர் புதிது. ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் அமைதி, அதிகம் போனால் இரண்டு மாதம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மெக்கானிக் இப்போது "வண்டிக்கு வயசாச்சு சார், சத்தத்தோடவே ஓட்டுங்க" என்கிறார்.

போன வாரம் திரும்பி வரும்போது பின் சீட்டில் இருந்த மகள் தலை வலிக்கிறது என்றாள். மனைவிக்குக் குமட்டல். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வண்டிக்கு 144 தடை உத்தரவு. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வியாசர்பாடி வேகம்
ஞாயிறு, இரவு 10.05

பெரிய ஸ்பீக்கராகப் போட்டுவிடுங்கள் தல, டிக் டிக் கேட்காது.

சும்மா சொன்னேன். என் வண்டியில் இதே மாதிரி வந்தபோது எக்சாஸ்ட் புட்டி பூசி, மேலே தகடு சுற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஒரு வருடம் ஓடியது. செலவு 300 ரூபாய்.

எண்ணூர் உப்புக்காற்று
ஞாயிறு, இரவு 10.40

சத்தத்தை அப்புறம் பார்க்கலாம். தலைவலியும் குமட்டலும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. அது கார்பன் மோனாக்சைடாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நமக்கு மூக்கில் ஏறுவது கூடவே வரும் மற்ற புகை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சீக்கிரம் விடாது.

சாஃப்ட் டாப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. பின்னால் கேன்வாஸைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஓட்டினால் காற்று வரும் என்று நினைப்போம். ஆனால் பெட்டி மாதிரி நிற்கிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும். டெயில் பைப்பிலிருந்து வருகிற புகையும் அதோடு வந்து பின் சீட்டில் உட்காரும். சரி செய்கிற வரைக்கும் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள். இது கெஞ்சிக் கேட்பது.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
ஞாயிறு, இரவு 11.10

படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். "நான் சொன்னா கேக்கல, யாரோ சொன்னா கேக்குறீங்க" என்றார். வண்டி ஷெட்டில் நிற்கிறது.

ஒரு சந்தேகம். போன மாதம்தான் புகைச் சான்று எடுத்தேன், பாஸ். லீக் இருந்தால் எப்படி பாஸ் ஆகும்?

எண்ணூர் உப்புக்காற்று
ஞாயிறு, இரவு 11.25

லீக் இருந்ததால்கூட பாஸ் ஆகியிருக்கலாம். எக்சாஸ்டில் அழுத்தம் ஒரே சீராக இருக்காது, அலை அலையாகப் போகும். அலையின் உச்சியில் ஓட்டை வழியாகப் புகை வெளியே போகும், பள்ளத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்று கலந்து நீர்த்துப்போன புகையைத்தான் டெயில் பைப்பில் குழாய் விட்டு அளக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஐடிலிங்கில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி. காற்று கலந்தால் 3.5 இருப்பதும் 2.8 என்று காட்டும்.

ஆக்சிலேட்டரை விட்டால் வெடிப்பதும் இதே காரணம்தான். எரியாத பெட்ரோல் ஆவியும் உள்ளே இழுபட்ட காற்றும் சூடான பைப்பில் சந்திக்கின்றன.

பெரம்பூர் 410
திங்கள், காலை 6.15

தம்பி, நான் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 970 சி.சி. பழைய 410 மாடல் ஜிப்ஸி இருக்கிறது. நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. மூன்று முறை பேக்கிங் மாற்றினீர்கள், சரி. எங்கே லீக் என்று ஒரு முறையாவது கண்ணால் பார்த்தீர்களா? சத்தம் வந்த பக்கம் கையை வைத்து 'இங்கேதான்' என்று முடிவு கட்டினால் மூன்று என்ன, முப்பது பேக்கிங்கும் போகும்.

முதலில் அது எக்சாஸ்ட் சத்தம்தானா என்று உறுதி செய்யுங்கள். டாப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமும் டிக் டிக்தான். ஆனால் டாப்பெட் சூடானதும் ஓடி ஒளியாது. காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, ரப்பர் பிடி போட்ட பிளையரால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றிய ஒயரை இன்ஜினில் எர்த் ஆகிற மாதிரி பிடிக்க வேண்டும், அந்தரத்தில் விடக்கூடாது. லீக் ஆகிற சிலிண்டரின் ஒயரைக் கழற்றியதும் டிக் நின்றுபோகும் அல்லது சுருதி இறங்கும். அங்கே எரிப்பு இல்லை, அதனால் தள்ளுகிற அழுத்தமும் இல்லை.

அடுத்து சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வாக்குவம் கிளீனரில் காற்று வெளியே தள்ளும் பக்கம் இருக்குமே, அந்தக் குழாயை டெயில் பைப்பில் துணி சுற்றிச் செருகி ஓட விடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டு போகாதீர்கள், அவ்வளவு அழுத்தம் வேண்டாம். பிறகு மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் வரை எல்லா ஜாயின்ட்டிலும் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஸ்ப்ரே செய்யுங்கள். நுரை தானாகச் சொல்லும். ஜிப்ஸிக்கு ஜாக்கி வேண்டியதில்லை, பாய் போட்டுப் படுத்தாலே உள்ளே போய்விடலாம்.

வியாசர்பாடி வேகம்
திங்கள், காலை 9.30

இவ்வளவு எதற்கு? இன்ஜின் ஓடும்போதே ஒரு ஊதுபத்தியைக் காட்டினால் புகை ஆடுகிற இடத்தில் லீக். எங்கள் ஏரியாவில் அப்படித்தான் பார்ப்போம்.

பெரம்பூர் 410
திங்கள், காலை 9.45

கார்புரேட்டர் வண்டி. பக்கத்திலேயே பெட்ரோல் பைப். ஊதுபத்தியை சாமிக்குக் காட்டுங்கள்.

காசிமேடு டீசல்
திங்கள், மதியம் 1.20

நான் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிறவன். கரை வண்டி பற்றி அதிகம் தெரியாது, ஆனால் எக்சாஸ்ட் எக்சாஸ்ட்தானே. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பழைய மெக்கானிக்குகள் மேனிஃபோல்டு ஜாயின்ட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெட்டி வைப்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது காய்ந்த தூளை ஊதாதீர்கள், ஒயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, கவரில் கட்டிப் போடுங்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. என்னோடு வேலை கற்ற ஒருவர் இன்றைக்கு மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
செவ்வாய், இரவு 8.30

பெரம்பூர் அண்ணா சொன்னபடியே செய்தேன். 1, 2, 3 கழற்றியபோது டிக் அப்படியே இருந்தது. நாலாம் நம்பரைக் கழற்றியதும் நின்றுவிட்டது. கை தட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சோப்பு நுரை இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று நாலாம் சிலிண்டர் பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, தகட்டுக் கவசத்துக்குப் பின்னால். இன்னொன்று மேனிஃபோல்டும் முன் பைப்பும் சேரும் ஃபிளாஞ்சில், ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக. சைலன்சருக்கு அடியிலும் ஒரு பொட்டு இடத்தில் நுரை வந்தது, அதை உடனே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டேன்.

கவசத்தைக் கழற்றிப் பார்த்தால், மேனிஃபோல்டை ஹெட்டோடு (இன்ஜினின் மேல் பகுதி) பிடிக்கிற கடைசி ஸ்டட்டில் (மரை போட்ட கம்பி) நட்டே இல்லை. ஸ்டட் ஹெட்டோடு ஒட்டி முறிந்திருக்கிறது. மூன்று முறை பேக்கிங் மாற்றியவர்கள் யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. இன்னொரு வேடிக்கை: சில நட்டுக்கு 12 நம்பர் பானா சேருகிறது, சிலதுக்கு 13.

பெரம்பூர் 410
செவ்வாய், இரவு 9.00

அந்த 12, 13 கணக்கு ஒரு சரித்திரம். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு ஜப்பான் வழி வண்டிகளில் 12 நம்பர் தலை உள்ள நட்டு வரும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் நட்டு கேட்டால் 13 நம்பர் தலைதான் கொடுப்பார்கள். எத்தனை 13 இருக்கிறதோ அத்தனை கம்பெனி நட்டு தொலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சைலன்சருக்கு அடியில் இருந்த பொட்டு ஓட்டையை அடைத்தீர்களே, அது லீக் இல்லை தம்பி. தண்ணீர் வடிவதற்காக கம்பெனியே வைத்த துளை.

எண்ணூர் உப்புக்காற்று
செவ்வாய், இரவு 9.20

ஐயோ, அதைத் திறந்து விடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் ஆவியாக வெளியே போய்விடும். தண்டையார்பேட்டையிலிருந்து மின்ட் போவதற்குள் சைலன்சர் சூடே ஆகாது. ஆகவே தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்பக்கத்திலிருந்து துரு பிடிக்கும். வெளியே கடல் காற்று, உள்ளே இது. நம் பக்கம் சைலன்சர் சீக்கிரம் போவதற்கு உப்பை மட்டும் திட்டுகிறோம், பாதிக் குற்றம் நம் குட்டிப் பயணங்கள் மேல்.

வண்டி 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா?

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
செவ்வாய், இரவு 9.35

இரண்டு நாள். சீட் வரை தண்ணீர். அதற்குப் பிறகுதான் சைலன்சர் மாற்றினேன். துளையை நாளைக்கே திறக்கிறேன்.

முறிந்த ஸ்டட்டை எப்படி எடுப்பது? மெக்கானிக் டிரில் போட்டு எடுத்துவிடலாம் என்கிறார்.

திருவொற்றியூர் லேத்
செவ்வாய், இரவு 10.50

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து ஹெட் இப்படி டிரில் போட்டு ஓட்டை கோணலாகி வருகிறது, அதனால் எழுதுகிறேன். இந்த இன்ஜினில் ஹெட் அலுமினியம், ஸ்டட் ஸ்டீல். கை டிரில்லை வைத்தால் பிட் கடினமான ஸ்டட்டில் வழுக்கி, பக்கத்தில் இருக்கிற மெத்தென்ற அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஓட்டை முட்டை வடிவம்.

முறிந்த இடம் ஹெட்டோடு சமமாகவோ கொஞ்சம் வெளியேயோ இருந்தால் முதல் வழி வெல்டிங். ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக ஸ்டட்டின் தலையில் வெல்டிங் கொடுத்து நிரப்ப வேண்டும். அந்தச் சூட்டில் ஸ்டட் விரிந்து துருவின் பிடியை உடைக்கும். ஆற விட்டு, பானா போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் வந்துவிடும். முதல் முறை வராவிட்டால் இன்னொரு நட்டு. நான் ஐந்து நட்டு வரை வைத்திருக்கிறேன். ஆறாவது நட்டுக்குப் பொறுமை இல்லாதவன் டிரில்லைத் தேடுவான். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரையும் பெட்ரோல் பைப்பையும் எடுத்த பிறகுதான் வெல்டிங். இது முக்கியம்.

அப்படியும் வராவிட்டால் ஹெட்டைக் கழற்றி மெஷினில் பிடித்து, நடுவில் 3 மில்லிமீட்டர் பிட், பிறகு படிப்படியாக. மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போடலாம்.

மேனிஃபோல்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள் உங்கள் மெக்கானிக்கை. ஓரத்து ஸ்டட் முறிந்திருந்தால் மேனிஃபோல்டு நிச்சயம் வளைந்திருக்கும்.

எண்ணூர் உப்புக்காற்று
புதன், காலை 7.00

லேத் அண்ணன் சொல்வதற்கு ஒரு கணக்கு. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு டிகிரி சூட்டுக்கு விரிவதில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு. அப்படியென்றால் ஹெட்தானே அதிகம் நீள வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஹெட்டை ரேடியேட்டர் தண்ணீர் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது, 70 டிகிரிதான் ஏறும். மேனிஃபோல்டு 400 டிகிரி ஏறலாம். 30 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோராயமாகப் போட்டால் ஹெட் அரை மில்லிமீட்டர் நீளும், மேனிஃபோல்டு 1.3 மில்லிமீட்டர். இந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? இரண்டு ஓரத்து ஸ்டட்டுகள். அதனால்தான் எப்போதும் ஓரம் முறிகிறது, நடு முறிவதில்லை. நட்டை நடுவிலிருந்து வெளியே பார்த்து முறுக்கச் சொல்வதும், மேனிஃபோல்டு ஓட்டை ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இதற்காகத்தான்.

காலையில் சத்தம், சூடானால் இல்லை என்பதும் இதே விரிவு. நீண்ட மேனிஃபோல்டு தன் ஓட்டையைத் தானே மூடிக்கொள்கிறது.

வியாசர்பாடி வேகம்
புதன், காலை 10.15

பத்தாம் வகுப்பில் இதைத்தான் நடத்தினார்கள், அப்போது யாரும் ஜிப்ஸியைக் காட்டவில்லை.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
ஞாயிறு, மாலை 6.40

நாலு நாள் வேலை. ஸ்டட் மூன்றாவது நட்டில் வந்தது. வந்தபோது 'கீச்' என்று ஒரு சத்தம், பட்டறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். மேனிஃபோல்டைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் ஓரத்தில் 0.35 மில்லிமீட்டர் தாராளமாகப் போகிறது. 0.10-க்கு மேல் போனால் முகத்தைச் சீவ வேண்டும் என்றார் பட்டறைக்காரர். சீவியாயிற்று. ஸ்டட் எல்லாமே புதிது, 12 நம்பர் நட்டு, காப்பர் கிரீஸ், நல்ல பேக்கிங். டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, நடுவிலிருந்து தொடங்கி மூன்று சுற்றில் 20 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆற விட்டு ஒரு முறை சரிபார்த்தேன்.

ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. இன்ஜின் ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு. எல்லோருக்கும் நன்றி. இழையை முடித்துவிடலாம்.

பெரம்பூர் 410
ஞாயிறு, மாலை 7.10

மகிழ்ச்சி. ஃபிளாஞ்சிலும் ஒரு நுரை சொன்னீர்களே, அது ஏன் வந்தது?

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
ஞாயிறு, மாலை 7.15

அங்கேயும் புது பேக்கிங் போட்டாயிற்று அண்ணா.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
அடுத்த வாரம் செவ்வாய், காலை 7.20

ஒன்பது நாள். மறுபடி டிக் டிக். இந்த முறை நாலாம் சிலிண்டர் சுத்தம். ஃபிளாஞ்ச், அதே ஓரம், புது பேக்கிங் அந்தப் பக்கம் மட்டும் கருகியிருக்கிறது.

விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். அடியிலிருந்து நாலு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

வியாசர்பாடி வேகம்
செவ்வாய், காலை 8.00

என்ன விலைக்குத் தருவீர்கள்?

காசிமேடு டீசல்
செவ்வாய், மதியம் 12.50

மூன்றாவது படத்தில், ஃபிளாஞ்சைப் பார்க்காதீர்கள், பின்னால் பாருங்கள். கியர்பாக்ஸ் தாண்டி பைப்பைச் சேஸிஸோடு பிடிக்கிற இடத்தில் ஒரு பட்டை இரும்பு தெரிகிறது. அது என்ன?

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
செவ்வாய், மதியம் 1.05

அது சைலன்சர் தொங்கும் இடம். ரப்பர் அடிக்கடி அறுந்ததால் முன்பு யாரோ பட்டையை வெல்டிங் வைத்துவிட்டார்கள். நல்ல உறுதியாக இருக்கிறது, நான் வாங்கும்போதே அப்படித்தான். ஆறு வருடமாக ஆடவே இல்லை.

காசிமேடு டீசல்
செவ்வாய், மதியம் 1.10

லீக் எத்தனை வருடமாக?

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
செவ்வாய், மதியம் 1.30

ஆறு வருடமாக.

புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

காசிமேடு டீசல்
செவ்வாய், மதியம் 2.15

தம்பி, படகில் இன்ஜின் நிற்கிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கம் இல்லாத இன்ஜின் கிடையாது. இன்ஜின் ரப்பர் பவுண்டேஷன் மேல் உட்கார்ந்து ஆடும். எக்சாஸ்ட் பைப் இன்ஜினோடு பிறந்த குழந்தை, அம்மா ஆடினால் கூட ஆட வேண்டும். அதற்காகத்தான் அதை ரப்பரில் தொங்க விடுகிறார்கள். உங்கள் வண்டியில் ஒரு முனை ஆடுகிறது, மறு முனையைச் சேஸிஸோடு கட்டிப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் அந்த ஃபிளாஞ்ச் நெம்பப்படுகிறது. பலவீனமான இடம் முதலில் போகும். பேக்கிங் போகும், பேக்கிங்கை உறுதியாக்கினால் வெல்டிங் விரியும், வெல்டிங்கை உறுதியாக்கினால் ஸ்டட் முறியும். உங்கள் மெக்கானிக்குகள் யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் முறிந்த இடத்தைச் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

ரப்பர் ஏன் அடிக்கடி அறுந்தது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஒருவரை ஆக்சிலேட்டரை ஒரு வெட்டு வெட்டச் சொல்லி, பானட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் எவ்வளவு சாய்கிறது?

பெரம்பூர் 410
செவ்வாய், மாலை 4.00

காசிமேட்டு அண்ணனுக்கு வணக்கம். நான் ஃபிளாஞ்ச் கேள்வியைக் கேட்டேனே தவிர, படத்தில் பட்டையைக் கவனிக்கவில்லை. நாற்பது வருட ஃபிட்டர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

தம்பி, இன்னொரு சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மட்டும் முழுக்கக் கழற்றுங்கள். பைப் இருந்த இடத்திலேயே இருந்தால் நல்லது. துள்ளிக்கொண்டு ஒரு பக்கம் விலகினால், இத்தனை நாளும் போல்ட்டுதான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
புதன், இரவு 8.10

கடைசி போல்ட்டு வெளியே வந்ததும் பைப் 'டங்' என்று கீழே விலகியது. ஒரு விரல் அகலம். கையால் தூக்கி ஓட்டைகளைச் சேர்க்க முடியவில்லை, கம்பி போட்டு நெம்ப வேண்டியிருந்தது. இதை மெக்கானிக்குகள் ஒவ்வொரு முறையும் நெம்பித்தான் மாட்டியிருக்கிறார்கள்.

ஆக்சிலேட்டரை வெட்டினால் இன்ஜின் கழுத்தை வெட்டித் திரும்புகிற மாடு மாதிரி சாய்கிறது. இடது பவுண்டேஷன் ரப்பர் இரும்பிலிருந்து முழுக்கக் கழன்று, சும்மா உட்கார்ந்திருக்கிறது. எண்ணெயில் ஊறி வடை மாதிரி உப்பியிருக்கிறது.

திருவொற்றியூர் லேத்
புதன், இரவு 9.30

பட்டையை கிரைண்டரில் அறுத்து எடுங்கள். இன்ஜின் பவுண்டேஷன் இரண்டையும், கியர்பாக்ஸ் அடியில் இருப்பதையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது பழையதின் பாரத்தையும் தூக்கும். புதுப்பேட்டையில் பழையது எடுக்காதீர்கள். கண்ணாடி, கதவுக்குப் புதுப்பேட்டை போங்கள், ரப்பருக்கு வேண்டாம். கடையில் எத்தனை வருடம் காய்ந்ததோ.

மாட்டும்போது முன்னிருந்து பின் வரை எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டி, தொளதொளவென்று விட்டு, பைப் தன் இடத்தில் தானாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு முன்னாலிருந்து பின்னால் பார்த்து முறுக்குங்கள். உங்கள் முன் பைப் இரண்டு முறை வெல்டிங் ஆனதால் கோணம் மாறியிருக்கும். பவுண்டேஷன் மாற்றி இன்ஜின் தன் உயரத்துக்கு வந்த பிறகு பைப்பை வண்டியிலேயே மாட்டி, நாலு பொட்டு டாக் வெல்டிங் வைத்து, கழற்றிக் கொண்டு வந்து முழு வெல்டிங் செய்ய வேண்டும். மேஜை மேல் வைத்து வெல்டிங் செய்தால் மேஜைக்குத்தான் பொருந்தும்.

எண்ணூர் உப்புக்காற்று
புதன், இரவு 10.00

பைப்புக்கு வெப்பத் துணி சுற்றலாம் என்று யாராவது சொன்னால் நம் கடலோரத்தில் வேண்டாம். உப்பு ஈரத்தைத் துணி பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இரும்பு பிஸ்கட் ஆகிவிடும். சிவப்பு சிலிகான் டியூபும் மேனிஃபோல்டு பக்கம் வேண்டாம், 300 டிகிரி சொச்சத்துக்கு மேல் தாங்காது.

வியாசர்பாடி வேகம்
புதன், இரவு 10.20

புட்டி?

பெரம்பூர் 410
புதன், இரவு 10.25

நடுரோட்டில் நின்றால் வீடு வந்து சேர புட்டி நல்லது. ஆடாத இடத்தில், சைலன்சர் உடம்பில் பொத்தல் என்றால் சில மாதமும் தாங்கும். உங்களுக்கு ஒரு வருடம் ஓடியது உங்கள் ஹேங்கர் ரப்பர் செய்த புண்ணியம்.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். சத்தம் திரும்பி வந்தால் எழுதலாம், வராவிட்டாலும் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பட்டையை அறுத்தேன். மூன்று பவுண்டேஷனும் புதிது. ஹேங்கர் ரப்பர் எல்லாம் புதிது, டாஷ்போர்டில் ஒரு ஜோடி ஸ்பேர். முன் பைப்பை வண்டியிலேயே பொருத்தி டாக் வைத்து வெல்டிங். ஃபிளாஞ்ச் போல்ட்டை இப்போது கழற்றினால் பைப் அசையாமல் நிற்கிறது, அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை கழற்றினேன். கியர் லீவர் நடுக்கமும் போய்விட்டது. அது ஜிப்ஸியின் சுபாவம் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஃப்.சி. முடிந்தது. புகைச் சான்றில் அளவு முன்பைவிடக் கூடியிருந்தது! உப்புக்காற்று சொன்னது நினைவுக்கு வந்து, கார்புரேட்டரைச் சரி செய்து மறுபடி எடுத்தேன்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு, மணல், லாரிகள் வெட்டிய பள்ளம், எல்லாம் சேர்த்து 1,400 கிலோமீட்டர் ஆகிறது. காலையில் தினமும் ஒரு நிமிடம் பானட்டைத் திறந்து வைத்துக் கேட்கிறேன். இன்று மகள் பின் சீட்டில் பழவேற்காடு வரை வந்து, திரும்பும்போது தூங்கிவிட்டாள். பழைய பயம், மீஞ்சூரில் நிறுத்தி எழுப்பித் தலை வலிக்கிறதா என்று கேட்டேன். திட்டினாள்.

காசிமேட்டு அண்ணனை நேரில் பார்க்க வேண்டும், ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிக் கொடுக்கலாம் என்றால் அது கடலுக்கே உப்பு கொண்டு போன கதையாகிவிடும்.

காசிமேடு டீசல்
ஞாயிறு, இரவு 10.30

மீன் வேண்டாம். பழவேற்காடு போகும்போது என்னை ஒரு நாள் கூட்டிப் போங்கள். கடலிலிருந்தேதான் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை ஜிப்ஸி
ஞாயிறு, இரவு 10.35

அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணி. எக்சாஸ்ட் சத்தம் போனதும் பின்னால் இடது பக்கம் ஒரு 'கிரீச்' கேட்கிறது, வரும்போது அதையும் காதால் பார்த்துவிடுங்கள்.

பெரம்பூர் 410
ஞாயிறு, இரவு 10.40

ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ். அதற்கு வேறு இழை போடுங்கள் தம்பி.